ஏழாம் நம்பர் வீட்டு ருசி

வடவள்ளிப் பக்கம் எழில் நகரில் கண்ட இடத்தில் குப்பை போடுகிறவர்கள் யாருமே கிடையாது. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் முச்சந்தியில் தினமும் ஒரு குன்று எழும்பிக்கொண்டே இருந்தது. நாற்பத்தொரு வீட்டாரும் அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தாத கையால் தங்கள் பங்கையும் சேர்த்துவிட்டுப் போனார்கள். பைகளுக்கு வீட்டு எண் ஒட்டிக் கொடுத்துப் பார்த்தது நலச்சங்கம். ஒரே வாரத்தில் பக்கத்து வீட்டு எண்ணை நோகாமல் உரித்துத் தன் பையில் ஒட்டும் கலை வளர்ந்தது. கேமரா வைத்தார்கள். சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லாய் விற்றது.

அப்புறம்தான் நாக்கு வந்தது.

அதன் முழுப் பெயர் ‘ஒருங்கிணைந்த சுவையறி கழிவேற்பு மையம்’. பெயர் சூட்டியவர் நலச்சங்கத் தலைவர் நஞ்சுண்டமூர்த்தி, ஓய்வு பெற்ற கண்காணிப்புப் பொறியாளர். பணியில் இருந்தபோது அவர் கட்டிய பாலங்களைவிட அவற்றின் கல்வெட்டுகள் உறுதியானவை. பூங்கா மூலையில், தபால் பெட்டியைப் பத்து மடங்கு பெரிதாக்கியதுபோல் அது நின்றது. வாய் திறந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். எனவே நகர் மக்கள் அதை நாக்கு என்றார்கள். அதற்குத் துணையாக ஆறு சின்ன வண்டிகள் தெருவெல்லாம் ஊர்ந்து, கிடப்பதை நக்கிப் பார்த்துப் பொறுக்கி வந்தன. அவற்றுக்கு நத்தை என்று பெயர்.

திறப்பு விழாவில், கம்பெனியிலிருந்து வந்திருந்த நூர்ஜஹான் விளக்கிச் சொன்னாள். நாற்பத்தைந்து வயது, ஸ்கூட்டரும் கருவிப் பையுமாக நகரம் முழுக்க இப்படி முப்பது நாக்குகளைப் பார்த்துக்கொள்பவள்.

"எச்சில் இதுக்கு வேண்டாமுங்க. ஆளோட எச்சிலைப் படிக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. ருசியைப் படிக்கலாம். ஒரு வீட்ல என்ன எண்ணெய், எந்த மிளகாய், எத்தனை பெருங்காயம், எந்தத் தண்ணின்னு எல்லாம் சேந்து ஒரு ருசி வருதில்லீங்களா? பத்து நாள் குப்பை போதும், இது இன்னார் வீடுன்னு இதுக்குத் தெரிஞ்சுரும்."

"பிஸ்கட் கவர்ல என்னம்மா ருசி இருக்குது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதைப் பிரிச்ச விரல்ல உங்க அடுக்களை ஒட்டியிருக்குமுங்க. சோப்புப் போட்டாலும் போகாது."

கூட்டம் சட்டென்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டது.

நெகிழி ஒழிப்பு பற்றித் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். பின்னால் இருபதடி ஃபிளெக்ஸ் பேனரில் அவரே கைகூப்பிக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினருக்குப் பளபளக்கும் தாளில் சுற்றிய பூச்செண்டு கொடுத்தார்கள். அந்தத் தாள் காற்றில் பறந்து சாக்கடை ஓரம் விழ, ஒரு நத்தை ஊர்ந்து போய் நக்கியது. சோதனைக்காக முன்கூட்டியே நாக்குக்குக் காட்டியிருந்தது தலைவர் வீட்டுக் குப்பையை மட்டும்தான். எழில் நகரின் முதல் நோட்டீஸ் அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பதிவு சோதனை என்று அறிவித்தார்.

இனி முறைப்படி ஒவ்வொரு வீட்டின் ருசியையும் பதிய வேண்டும். "யார் வீடுங்க மொதல்ல?" என்றாள் நூர்ஜஹான்.

இப்படி ஒரு கேள்வி எழில் நகரில் கேட்கப்பட்டால் அதற்கு ஒரே பதில்தான். கோகிலவாணி எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஏழாம் நம்பர் வீடு. வயது ஐம்பத்து நான்கு. கணவர் சென்னியப்பன் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். வீட்டில் அவரைவிடத் தண்ணீர் மோட்டார் அதிகம் பேசும். மார்கழிக் கோலம், மாடித் தோட்டம், சங்க விழாவின் ஐம்பது பேர் சமையல் என எதிலும் பதினெட்டு வருடமாக முதலிடம் அவளுடையது. குறிப்பாகச் சமையல். "என் கைப்பக்குவம் இன்னொருத்திக்கு வராதுங்க" என்று அவளே சொல்வாள். யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்கும் வழக்கம் அவளிடம் இல்லை.

முதல் பதிவு ஏழாம் நம்பரின் பெயரில் ஏறியது. கைதட்டலில் அதிகம் சத்தம் வந்தது செண்பகவல்லியின் கைகளிலிருந்து.

செண்பகவல்லி எதிர்வீடு, பதினாலாம் நம்பர். கணவருக்கு வங்கியில் மாற்றல் கிடைத்து ஐந்து வருடம் முன்பு திருநெல்வேலியிலிருந்து வந்தவள். வந்த புதிதில் ஒருநாள் கோகிலவாணி வீட்டுச் சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "யக்கா, இதை எனக்குச் சொல்லித் தாங்களேன்" என்று கேட்டுவிட்டாள். எழில் நகரில் அப்படி வாய்விட்டுக் கேட்ட ஒரே பெண் அவள்தான். கோகிலவாணி உள்ளம் குளிர்ந்து போனாள். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மிஷினில் அரைத்த பொடி ஒரு பெரிய டப்பா எதிர்வீட்டுக்குப் போயிற்று. கூடவே அறிவுரையும் போயிற்று. என்ன இருந்தாலும் தன்னுடையதைப்போல் வரப்போவதில்லை என்ற நிம்மதியில் அவள் இரண்டையும் தாராளமாகக் கொடுத்தாள்.

எல்லா வீடும் பதிந்து முடிந்த முதல் ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பூங்காப் பலகையில் வரிசை ஒளிர்ந்தது. குறைவான குப்பை, உயர்ந்த இடம்.

முதலிடம்: வீட்டு எண் 14.

கோகிலவாணி இரண்டாவதில் தேடினாள். மூன்றாவதில் தேடினாள். பலகை நீளமானது. கடைசி வரிக்கு வரும்போது அவள் கழுத்து வலித்தது. நாற்பத்தொன்றில் நாற்பத்தொன்று: வீட்டு எண் 7.

"மிஷின் தப்பாக் காட்டுது" என்றாள்.

"மிஷின் பொய் சொல்லாதும்மா" என்றாள் மகள் பிரதீபா. இருபத்தாறு வயது, கணினியில் கட்டட வரைபடம் போடுபவள். "நீதான் திறப்பு விழாவுல அப்படிச் சொன்னே. மைக்குல."

அதன்பின் ஏழாம் நம்பர் வீட்டில் தொடங்கிய சிக்கனத்தைக் கண்டு சிறைச்சாலைகள் வெட்கப்பட்டிருக்கும். கடைக்கு எவர்சில்வர் டப்பாக்களோடு போனார்கள். தர்பூசணித் தோல் கூட்டானது. சென்னியப்பன் மாம்பழத்தைத் தோலோடு தின்றார். கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், அங்கே போட்டார். எஞ்சிய குழம்பை நகர் முழுக்க எல்லோரும் பூந்தொட்டியில் புதைக்கத் தொடங்கியதில், இரண்டாம் மாதம் எலிகள் குடும்பத்தோடு குடியேறின. சமைத்த உணவைத் தொட்டியில் போடக்கூடாது என்று சங்கம் தடை போட்டது. நாய்க்கு வைத்தால், நாய் மீதி வைப்பதை நத்தை வந்து நக்கியது.

எவ்வளவு குறைத்தும் ஏழாம் நம்பர் கடைசியிலேயே கிடந்தது. ஒரே ஒரு வாரம் மேலே ஏறியது. செண்பகவல்லி குடும்பம் ஊருக்குப் போயிருந்த வாரம் அது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கோகிலவாணி மாடி ஜன்னலில் நாற்காலி போட்டாள். எதிர்வீட்டிலிருந்து என்னென்ன வெளியே போகிறது என்று பார்த்தாள். முருங்கைக்காய்ச் சக்கை போயிற்று. பலாப்பழத் தோல் ஒரு கூடை போயிற்று. கூரியர் அட்டைப் பெட்டிகள் கோபுரமாகப் போயின. விருந்தாளிகள் வந்தார்கள், தின்றார்கள், இலைகள் போயின. ஞாயிறு ஆனால் பதினாலாம் நம்பர் முதலிடம். தலைவர் வீடு தேடிப்போய்ப் பொன்னாடை போர்த்தி, ‘பசுமைப் பேரொளி’ என்ற பலகையை வாசலில் மாட்டினார். செண்பகவல்லி அந்தப் பொன்னாடையைத் துவைத்துக் காயப்போட்டபோது, அது கோகிலவாணியின் ஜன்னலுக்கு நேராக ஆடியது. அன்று அவளுக்கு ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் ஒன்றரை ஆக்கினார்.

"அதெப்படிக்கா, எனக்கே புரிய மாட்டேங்குது" என்று ஒருநாள் வாசலில் மடக்கிச் சிரித்தாள் செண்பகவல்லி. "நாங்க பாட்டுக்குப் போடுதோம். அது பாட்டுக்கு ஃபர்ஸ்டு, ஃபர்ஸ்டுங்குது."

அடக்கம் காட்டுகிறாளாம். கோகிலவாணியால் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ள முடியும். இந்தச் சிரிப்பை மட்டும் முடியாது.

இது வெறும் பொறாமையாக இருந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும். ஆனால் பிரதீபாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொள்ளாச்சிப் பையன். இருவரும் இரண்டு மாதம் போனில் பேசிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று தத்தம் வீட்டில் சொல்லியும் ஆகிவிட்டது. போன் வந்தாலே மகள் மொட்டை மாடிக்கு ஓடினாள். ஜாதகம் பொருந்தியது. நிறம், உயரம், தோட்டம், பட்டறை எல்லாம் பொருந்தின. கடைசியில் தரகர் பொன்னுச்சாமி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

"பையனோட அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க. உங்க நகரோட நாக்குப் பலகையைப் பாத்துப்போட்டாங்களாம்."

"அதுக்கென்னுங்க இப்போ?"

"அவங்க வீடு அவங்க நகர்ல மூணாவது இடமுங்க. சம்பந்தம் பண்ணறது சமமா இருக்கோணும்னு நெனைக்கறாங்க."

"ஏனுங்க, குப்பையில சமமா?"

"அம்மிணி, செவ்வாய் தோஷமுன்னாக்கூட ஒரு கோயிலுக்குப் போயிட்டு வந்தர்லாம். குப்பை தோஷத்துக்கு நான் எந்தக் கோயிலைச் சொல்லட்டும்?" தரகர் எழுந்தார். "ரெண்டு மாசம் பொறுத்துப் பாக்கறமுன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள பத்துக்குள்ளயாச்சும் வந்துருங்க."

பிரதீபா அன்றைக்கு மாடிக்கு ஓடவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "நான் ஒண்ணும் அழுகல" என்று கேட்காமலே சொன்னாள்.

மறுநாள் நூர்ஜஹான் வரவழைக்கப்பட்டாள். கதவைச் சாத்தினார்கள். அவள் தன் கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கோகிலவாணியை ஒருமாதிரி பார்த்தாள்.

"அம்மா, எதிர்வீட்டுச் சமையலை நீங்க சாப்ட்டிருக்கீங்களா?"

"நான் எதுக்கு அங்க போய்ச் சாப்பிடறேன்? அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். பொடியும் என்னுதுதான்."

"ம்... அதானுங்க விஷயம்." நூர்ஜஹான் கருவியைக் கீழே வைத்தாள். "உங்க ரெண்டு வீட்டு ருசியும் ஒண்ணு. நாக்குனால பிரிக்க முடியல. ஒரு ருசிக்கு ஒரு வீடுதான். மொதல்ல யாரைப் பதிஞ்சமோ அவங்க பேர்லதான் ஏறும். மொதல்ல பதிஞ்சது நீங்க. அதனால அவங்க போடறதும் உங்க பேர்ல விழுகுது. அவங்க பேர்ல விழுகறது எப்பவாவது பழத்தோலு, இளநி, அவ்வளவுதான்."

கோகிலவாணியின் முகத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "அப்போ மிஷின் தப்புன்னு நான் சொன்னது சரிதானே! உடனே மாத்துங்க."

"மாத்தலாமுங்க. சுலபம்தான். ஒரு படிவத்துல கையெழுத்து வேணும்." நூர்ஜஹான் பையிலிருந்து எடுத்து வாசித்தாள். "‘கீழ்க்கண்ட இரு வீடுகளின் சமையலும் சுவையில் ஒன்றே என இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறோம்.’ அதை ஒரு வாரம் பூங்காப் பலகையில போடுவோம். மறுப்பு இல்லைன்னா, கையால பிரிச்சு விட்டுருவேன்."

"ஒன்றேன்னா?"

"ஒண்ணுதானுங்க. ஒரே மாதிரி."

"என்னுது மாதிரி அவளுதுன்னு போட முடியாதா?"

"படிவத்துல அப்படிக் கட்டம் இல்லீங்களே."

கோகிலவாணி அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள். பதினெட்டு வருடம். ஐம்பது பேர் சமையல். ஒரு பக்கம் மகள் எழுந்து நின்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா மூடப்பட்டது.

"வேற வழி?"

நூர்ஜஹான் தயங்கினாள். "வீட்ல சமையல் மாறிட்டா மறுபதிவு பண்ணலாமுங்க. புது மருமக வந்தா, சமையலுக்கு ஆள் வெச்சா, அப்புறம் பத்தியம் இருந்தா. இருபத்தொரு நாள் ருசி மொத்தமா மாறியிருக்கணும். அப்ப நீங்க புது வீடு. பழைய பாரமெல்லாம் போயிரும்."

"எங்க போகும்?"

"அந்த ருசி அப்புறம் எந்த வீட்லருந்து வருதோ அங்க. ஆனா அது முறையில்லீங்கம்மா. அவங்க தலையில விழும்."

"இத்தனை நாளும் என் தலையில விழுந்ததை யாராச்சும் முறையில்லைன்னு சொன்னாங்களா?" என்றாள் கோகிலவாணி. "பத்தியமுன்னு போட்டுக்கங்க."

"அம்மா, ஒரு கையெழுத்துத்தானே" என்றாள் பிரதீபா.

"நீ சும்மாயிரு கண்ணு. உன் நல்லதுக்குத்தான் பண்ணறேன்."

அவள் அதை முழுக்க நம்பினாள். அதுதான் அவளிடம் உள்ள சிறப்பு.

அன்றே பொடி டப்பா கழுவிக் கவிழ்க்கப்பட்டது. கடையிலிருந்து ஆயத்தப் பொடிகள் வந்தன. சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒரே நிறம், ஒரே மணம், பெயர் மட்டும் வேறு. கடலை எண்ணெய் போய் ஏதோ சூரியன் படம் போட்ட எண்ணெய் வந்தது. பெருங்காயம், கொத்தமல்லி விதை, தேங்காய்த் துருவல் எல்லாம் விலக்கு. முதல் நாள் சென்னியப்பன் ஒரு வாய் வைத்துவிட்டு, முப்பது வருட இல்லறத்தில் முதல்முறையாகக் கருத்து சொன்னார்.

"ஆருக்காச்சும் மேலுக்குச் சரியில்லையா?"

மூன்றாம் நாளிலிருந்து அவர் பட்டறையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். பிரதீபா மதியச் சோற்றைத் தயிரிலேயே முடித்துக்கொண்டாள். கோகிலவாணி மட்டும் முறைப்படி உட்கார்ந்து, முழுத் தட்டையும் சாப்பிட்டாள். பன்னிரண்டு மணி வாக்கில் எதிர்வீட்டிலிருந்து தாளிக்கிற வாசம் வரும். அவளுடைய சாம்பார். அவள் பத்து வருடம் முயன்று கண்டுபிடித்த, வெந்தயத்தைக் கருகும் விளிம்பில் இறக்குகிற அந்த வாசம். அவள் ஜன்னலைச் சாத்தினாள். கண்ணாடி வழியாகவும் அது வந்தது போலிருந்தது.

இருபத்திரண்டாம் நாள் மறுபதிவு முடிந்தது. அந்த ஞாயிறு பலகையில் ஏழாம் நம்பர் முதலிடம். பதினாலு, நாற்பத்தொன்று.

அரை மணியில் தலைவர் இரண்டு பேரோடு பதினாலாம் நம்பர் வாசலில் நின்றார். ‘பசுமைப் பேரொளி’ பலகையைக் கழற்றினார்கள். "சங்கத்தின் மாண்பு கருதி அந்தப் பொன்னாடையையும் ஒப்படைத்துவிடுவது நன்று" என்றார் தலைவர். வீட்டிலும் அவர் இப்படித்தான் பேசுவார் என்று சொல்வார்கள்.

ஜன்னலில் கோகிலவாணி காத்திருந்தாள். இந்தக் காட்சிக்காகத்தான் இருபத்தொரு நாள் அந்தச் சாம்பாரை விழுங்கினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. செண்பகவல்லி வெளியே வந்து பொன்னாடையை மடித்துக் கொடுத்தாள்.

"இந்தாங்க சார். துவைச்சுத்தான் வச்சிருக்கேன். நல்லவேளை கேட்டீங்க, கரித்துணியா வெட்டிரலாம்னு இருந்தேன்." அதோடு நிமிர்ந்து பார்த்து, ஜன்னலுக்குக் கையாட்டினாள். "யக்கா! ஃபர்ஸ்டு வந்துட்டீங்க போல! எனக்கு அப்பவே தெரியும்லா!"

கோகிலவாணிக்கு வெற்றி கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நான்கு வாரம் ஏழாம் நம்பர் முதலிடத்திலேயே இருந்தது. தரகர் இனிப்போடு வந்தார். ஐந்தாம் ஞாயிறு மதியம் பொள்ளாச்சியிலிருந்து பையன் வீட்டார் பதினான்கு பேர் பெண் பார்க்க வந்து, விருந்துக்கு உட்கார்ந்தார்கள். பதிவு மறுபடி குழம்பிவிடும் என்பதால் அந்தச் சமையலிலும் பழைய பொடியைத் தொட முடியாது. வெளியிலிருந்து வரவழைத்தால் பெண்ணின் தாய்க்குச் சமைக்கத் தெரியாது என்றாகிவிடும். கோகிலவாணி ஆயத்தப் பொடியோடு போரிட்டு, பதினான்கு இலை நிறையப் பரிமாறினாள்.

பையனின் அம்மா தங்கமணி பெரிய வைரத் தோடும் கைத்தறிச் சேலையும் அணிந்தவர். குப்பை விஷயத்தில் கண்டிப்பானவர் என்பது அவர் உட்காரும்போதே தெரிந்தது. தண்ணீர் டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

"காத்தாலயே வந்துட்டமுங்க" என்றார். "சம்பிரதாயத்துக்கு அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை விசாரிக்கோணுமில்ல? எதிர்வீட்டு அம்மிணிகிட்டப் பேசினோம். உங்களைப் பத்தி அப்படிச் சொல்றாங்க! விடமாட்டேன்னு டிபன் போட்டு இட்லிக்குச் சாம்பார் ஊத்தினாங்க பாருங்க, ஆளுக்கு எட்டு இட்லி. ‘இதெல்லாம் அக்கா சொல்லிக் குடுத்தது, அக்கா கையால சாப்பிட்டா இதைவிட நல்லா இருக்கும்’னாங்க. அப்ப இருந்து காத்துக்கிட்டிருக்கறோம்."

பதினான்கு பேரும் ஆவலாகச் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார்கள்.

இரண்டாவது கவளத்துக்கு ஒரு கையும் இலைப்பக்கம் போகவில்லை.

"எங்களுக்கு வயிறு நெறைஞ்சு கெடக்குதுங்க" என்றார் ஒரு பெரியப்பா. "இட்லி ஜாஸ்தியாப் போச்சு" என்றார் சித்தப்பா. பையன் மட்டும் பிரதீபாவைப் பார்த்துக்கொண்டே பாதி சாப்பிட்டான். அதுவே காதலுக்குச் சான்று. மற்ற இலைகள் மூடின. மூடிய இலைகள் மேடாக இருந்தன.

புறப்படும்போது தங்கமணி கோகிலவாணியின் கையைப் பிடித்தார். "பொண்ணு தங்கமுங்க. பையனுக்கும் புடிச்சுப்போச்சு. இன்னிக்கு ஞாயித்துக்கெழமையில்ல? ஆறு மணிக்குப் பலகையைப் பாத்துப்போட்டு, உறுதி சொல்லிப் போன் பண்ணிர்றேன்."

கார்கள் போயின. மணி நாலரை. பின்கட்டில் அண்டா நிறைய, இலைகளிலிருந்து வழித்துப் போட்ட சோறும் குழம்பும் பொரியலும், பக்கத்தில் பதினான்கு இலைகளும். சென்னியப்பன் தராசு கொண்டுவந்தார். கோகிலவாணி அதைத் தொடவிடவில்லை. எடை பார்க்காமலே தெரிந்தது. இது நாக்குக்குள் போனால் ஏழாம் நம்பர் முப்பதுக்குக் கீழே. போகாமல் வீட்டிலேயே வைத்திருந்தால், நத்தை மோப்பம் பிடித்து வந்து வாசலில் சிவப்பு விளக்கோடு நிற்கும்.

"எல்லாரும் ஒரு வாய் சாப்பிடலாமா?" என்றாள் கோகிலவாணி.

"அம்மா! அது அவங்க எச்சல்!"

"சமைச்சது நான்தானே."

அவள் அண்டா அருகே உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அடுத்தவர் கடித்த பலகாரத்தைக்கூடத் தொடாதவள், பொரியலில் கைவிட்டு ஒரு கவளம் எடுத்தாள். அது யார் இலையிலிருந்தது என்று யோசிக்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டாள். பிரதீபா ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம்மா. இந்தக் கல்யாணமே வேண்டாம், விடு." இருவரும் அப்படியே இருந்தார்கள். கவளம் நடுவில் நின்றது.

"யக்கா, உள்ள வரலாமா?"

பின்வாசலில் செண்பகவல்லி. கையில் ஒரு பெரிய தூக்குவாளி, ஆவி பறந்தது. அண்டாவையும், மூடிய இலைகளையும், கவளத்தையும் பார்த்தாள். எதையும் பார்க்காததுபோல் வந்து குந்தினாள்.

"காலையில நான்தான் தப்புப் பண்ணிட்டேன். அத்தனை இட்லி போட்டிருக்கப் பிடாது. அவங்க வயித்துல இடமில்லாமப் போச்சுல்லா."

கோகிலவாணி கவளத்தை அண்டாவிலேயே போட்டாள்.

"தள்ளுங்க" என்று செண்பகவல்லி தூக்கைத் திறந்து, கொதிக்கும் சாம்பாரை அண்டா முழுக்கச் சுற்றி ஊற்றினாள். இலைகள் மேலும் ஊற்றினாள். ஒரு கரண்டியால் கிளறிவிட்டாள். "இனிமே இதை நக்கினா, எங்க வீட்டுக் குப்பைன்னுதான் சொல்லும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பிரதீபா.

"நூர்ஜஹான் அக்கா போன மாசமே வந்து சொல்லிட்டுப் போனாங்க, பொடியை மாத்திக்கங்கன்னு. எனக்கு மனசு வரல. நல்லா இருக்கே, எதுக்கு மாத்தணும்?"

"அப்போ கடைசி எடம்?"

"நாப்பத்தொண்ணுல இருக்கோம். அதுக்குக் கீழ எங்க தள்ளுவாங்க?" சிரித்துக்கொண்டே அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். "பிரதீபா, அந்தப் பக்கம் பிடி. மணியாச்சு."

சாம்பார் வாசம் பின்கட்டை நிறைத்தது. இரண்டு மாதமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருந்த வாசம். கோகிலவாணி அதில் ஒரு குறை தேடினாள். பெருங்காயம் சரியாக இருந்தது. வெந்தயம் சரியாக இருந்தது. இருவரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகும்வரை தேடினாள்.

ஆறு மணிக்குப் பலகை ஒளிர்ந்தது. ஏழு, முதலிடம். ஆறு ஐந்துக்குப் போன் வந்தது. கோகிலவாணி "சரிங்க", "சந்தோஷமுங்க" என்றாள். அப்புறம் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் "கேட்டுப் பாக்கறேனுங்க" என்று வைத்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"நாள் பாத்தர்லாமுன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"கல்யாணத்தன்னிக்கு சாம்பாரை மட்டும் எதிர்வீட்டு அம்மிணி பக்குவத்துல வெக்கச் சொல்ல முடியுமான்னு கேட்டாங்க."

பிரதீபா வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அங்கே போய்ச் சிரித்தாளா, போனில் பேசினாளா தெரியாது.

கோகிலவாணி ஜன்னலுக்கு வந்தாள். எதிர்வீட்டு வெளிக்குழாயடியில் செண்பகவல்லி அந்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை அவ்வளவு அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. கோகிலவாணி அவள் முகத்தையே பார்த்தாள். ஒரு துளி கர்வம், ஒரு சின்ன எகத்தாளம், உனக்கு நான் செய்தேன் பார் என்கிற ஒரு மினுக்கல் எங்காவது தெரிகிறதா என்று, இருட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால், இறங்கிப் போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருப்பாள்.